சிவப்பரிசிக் கஞ்சி

தம்பி, ஜன்னலோரம் நீங்களே உக்காருங்க. எனக்கு இந்தப் பக்கம்தான் சௌகரியம், காலை நீட்டிக்கிடலாம். நாகர்கோவிலா? நானும் அங்கனதான் போறேன். பையைப் பாத்துட்டு ஏதும் விசேஷமான்னு கேக்குதீங்க. நல்லா கேட்டீங்க போங்க. முப்பத்தாறு வருசம் கூட வாழ்ந்த பொண்டாட்டி எனக்குச் சாப்பாட்டுல மருந்து கலந்து குடுத்துட்டா. ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, மூணு வருசம். அதான் தங்கச்சி வீட்டுக்குப் போறேன்.

ஐயோ, அப்படி முழிக்காதீங்க. விஷம் இல்ல. போலீசுக்குப் போகுத விசயமும் இல்ல. மாத்திரை. விட்டமின் மாத்திரை. பாத்தீங்களா, சிரிக்குதீங்க. கேக்குத அத்தனை பேரும் இதே சிரிப்பைத்தான் சிரிக்கான். ஏமாந்தவன் நான்லா?

முதல்லேருந்து சொல்லுதேன். வள்ளியூர் வர்றதுக்குள்ள முடிச்சிருவேன். என் பேரு குத்தாலிங்கம். பாளையங்கோட்டையில வீடு. பஸ் ஸ்டாண்டுல இருபத்தெட்டு வருசம் டைம் கீப்பரா இருந்தேன். எந்த வண்டி எப்ப எடுக்கும், எந்த டிரைவர் எங்கன டீ குடிச்சு எத்தனை நிமிசம் பிந்துவான், எல்லாம் இந்த மண்டைக்குள்ள இருக்கும். நோட்டைப் பாத்துச் சொல்லுத ஆளு நான் இல்ல. டிப்போ மேனேஜரே எனக்குப் போன் பண்ணித்தான் கேப்பாரு.

நாங்க சைவம். முட்டை எங்க வீட்டு நடை ஏறினதில்ல. ரிட்டயர் ஆன பிறகு நான் அதுக்கும் ஒரு படி மேல போனேன். இயற்கை வாழ்வுன்னு ஒரு கூட்டத்துல கேட்டுட்டு வந்து, பாலையும் நிறுத்தினேன். பால் கன்னுக்குட்டிக்கு உள்ளது, நமக்கு அதுல என்ன வேலை? தயிரு, மோரு, நெய்யி எல்லாம் போச்சு. காப்பி போச்சு. எங்க வீட்டுல, பிரமு, முழுப்பேரு பிரமநாயகி, அவதான் ‘மோரு கூடவா வேண்டாம்’னு முணுமுணுத்தா. ‘மோரு எதுலேருந்துட்டி வருது?’ன்னு கேட்டேன். அவ மட்டும் அடுக்களைக்குள்ள நின்னு ஒரு தம்ளர் மோரு குடிப்பா. நான் பாத்தும் பாக்காத மாதிரி இருப்பேன். அவ்வளவு விட்டுக் குடுத்து வாழ்ந்தவன் நான். அதை நீங்க ஞாபகம் வச்சுக்கிடணும்.

அஞ்சு வருசம் ஒரு குறையும் இல்ல. ஒரு தும்மல் கிடையாது. அதுக்குப் பிறகு பாத்துக்கிடுங்க, காலுல எறும்பு ஊறுத மாதிரி ஒரு இது. நெசமாவே எறும்புன்னு நினைச்சுப் பாயைத் தூக்கித் தூக்கி உதறுதேன். ஒரு எறும்பைக் காணோம். பிறகு பாதம் மரத்துப் போச்சு. ஒரு நாள் கடைக்குப் போயிட்டு வாரேன், பிரமு வாசல்ல நின்னு என் காலையே பாக்கா. ஒத்தைச் செருப்புத்தான் கிடக்கு. இன்னொண்ணு எங்கன கழண்டுச்சுன்னு எனக்குத் தெரியல. அவதான் தேடிப் போய், கோயில் முக்குலேருந்து எடுத்துட்டு வந்தா.

நாக்கு செவசெவன்னு ஆயிப் போச்சு. வழவழன்னு, மேல ஒரு சொரசொரப்பு இல்லாம. ரசம் பட்டா உசுரு போகும். அதை விடுங்க. முகம் கழுவக் கண்ணை மூடினா ஆளே சாயுதேன் தம்பி. கண்ணைத் திறந்துக்கிட்டு எப்படிச் சோப்புப் போடுதது? ஒரு நாள் அப்படியே பாத்ரூம்ல விழுந்துட்டேன். பிரமு சத்தம் கேட்டு ஓடி வந்தா. அவ நாப்பத்தஞ்சு கிலோ இருப்பா. தூக்கப் பாத்தா, முடியல. பக்கத்து வீட்டு ஆளைக் கூப்பிட்டுத்தான் தூக்கினாக.

இதெல்லாம் கூடப் பொறுத்துக்கிடலாம். பழைய கண்டக்டர் ஒருத்தரு வீட்டுக்கு வந்திருந்தாரு. பேச்சுவாக்குல, ‘அண்ணாச்சி, அந்தக் காலத்துல பாபநாசம் முதல் வண்டி எத்தனை மணிக்கு?’ன்னு கேட்டாரு. எனக்கு வரல. நாக்கு நுனியில கூட இல்ல. சுத்தமா ஓர்மை இல்ல. ஏதோ ஒரு மணியைச் சொல்லிச் சமாளிச்சேன். அவரு போன பிறகு செவுத்தைப் பாத்து உக்காந்து அழுதேன். இதை யாருகிட்டயும் சொன்னதில்ல, உங்ககிட்ட சொல்லுதேன்.

கோவம் வேற. ஒரு தடவை சாப்பாட்டுத் தட்டைத் தூக்கி அவ மேல எறிஞ்சேன். ஒரே தடவைதான். ரெண்டு தடவை இருக்கும். அது நோயோட குணமாம், டாக்டரம்மாவே சொன்னாக. அப்புறம் என் மேல என்ன தப்பு இருக்கு?

ஆமா, டாக்டரம்மா. பிரமுதான் பிடிச்சு இழுத்துட்டுப் போனா. சின்ன வயசுப் பொண்ணு. ரத்தம் எடுத்தாக. ஒரு கவையை, அதுதான் ரெண்டு முனையா இருக்குமே, அந்த இரும்பைத் தட்டுத மாதிரி காட்டி, என் கால் எலும்பு மேல வச்சு, ‘அதிர்வு தெரியுதா ஐயா?’ன்னாக. ஒண்ணும் தெரியல. தெரியுதுன்னு சொன்னேன். அவுக அதைத் தட்டவே இல்லையாம், சும்மாத்தான் வச்சாகளாம். பாருங்க, அங்கன ஆரம்பிச்சுது என்னை ஏமாத்துதது.

‘உங்க உடம்புல பி ட்வெல்வ் சத்து சுத்தமா இல்ல. நரம்பு கெட்டுக்கிட்டிருக்கு. இப்பவே மருந்து எடுத்தாச் சரியாகும். தள்ளிப் போட்டா நடக்க முடியாமப் போயிடும். பிறகு மருந்து குடுத்தாலும் போனது முழுசாத் திரும்பாது’ன்னாக. செவுத்துல ஒரு படம் மாட்டியிருக்கு, எது எதுல அந்தச் சத்து இருக்குன்னு. ஈரல், மீன், முட்டை, பால். நான் மூஞ்சியைத் திருப்பிக்கிட்டேன். ‘அப்ப உங்க மருந்து எதுலேருந்து எடுத்தது?’ன்னு கேட்டேன். ‘ஈரல் இல்லைங்க ஐயா, நுண்ணுயிரை வளர்த்து அதுலேருந்து எடுக்கிறது’ன்னாக. ‘ஈரலாவது கண்ணுக்குத் தெரியும், நீங்க கிருமியைக் குடுப்பீங்களோ?’ன்னேன். அவுக மாத்திரைச் சீட்டை எழுதி நீட்டினாக. ஆஸ்பத்திரி வாசல்லயே அதை நாலாக் கிழிச்சுப் போட்டுட்டு வந்தேன்.

பிரமு ரெண்டு நாள் பேசல. மூணாவது நாள் காலையில ஒரு ஏனம் நிறையச் சிவப்பரிசிக் கஞ்சி கொண்டு வந்து வச்சா. ‘இதென்ன புதுசா?’ன்னேன். ‘ரேடியோவுல சொன்னாக, நரம்புக்கு நல்லதாம். மருந்துதான் வேண்டாம்னுட்டிய, கஞ்சியாவது குடிங்க’ன்னா. எனக்கு மனசு குளுந்து போச்சு. ஒருவழியா இவளும் நம்ம வழிக்கு வந்துட்டாளேன்னு.

கஞ்சி எனக்கு மட்டும் தனி ஏனத்துல வரும். காலையில எட்டு மணிக்கு, ஒரு நாள் தவறாது. அவ பக்கத்துலயே நிப்பா, கடைசிச் சொட்டு வரைக்கும் குடிக்கிறேனான்னு பாத்துக்கிட்டு. எவ்வளவு பாசம்னு நினைச்சேன் தம்பி.

ஒரு மாசத்துல நாக்கு எரிச்சல் போச்சு. மூணு மாசத்துல எறும்பு நின்னுது. ஆறு மாசம் கழிச்சு ஒரு நாள் வாசல் தெளிச்சிருந்த ஈரத்துல வெறுங்காலோட நடக்குதேன், குளுச்சி தெரியுது. ‘ஏட்டி பிரமு, குளுருதுட்டி!’ன்னு கத்தினேன். அவ வாருகோலைப் போட்டுட்டுக் குனிஞ்சு என் பாதத்தை ரெண்டு கையாலயும் பிடிச்சா. அழுதா. நான் கூட, ‘நான் சொன்னேம்லா, இயற்கை ஒருத்தனைக் கைவிடாது’ன்னு அவளுக்கு ஆறுதல் சொன்னேன். அப்பவாவது சொன்னாளா? சொல்லலையே!

பிறகு நான் சும்மா இருப்பேனா? எனக்குக் கிடைச்சது நாலு பேருக்குக் கிடைக்கட்டும்னு காலை நடைச் சங்கத்துல பேச ஆரம்பிச்சேன். ஞாயிற்றுக்கிழமைதோறும் சமுதாயக் கூடத்துல கூட்டம். முப்பது பேரு, நாப்பது பேரு வருவாக. பிரமு பெரிய பானையில கஞ்சி காய்ச்சிக் கொண்டு வருவா. நானும் சும்மா பேசல, படிச்சிட்டுத்தான் பேசினேன். ஏ சத்து இல்லேன்னா மாலைக்கண்ணு வரும், பொழுது சாஞ்சா பிள்ளைக்குக் கண்ணு தெரியாது. அரிசியை வெள்ளை வெளேர்னு தீட்டித் தின்னா பி ஒண்ணு போயிரும், பெரிபெரின்னு காலு வீங்கி இதயம் நின்னுரும். சி இல்லேன்னா ஈறுல ரத்தம் வடியும், பழைய காலத்துக் கப்பல்காரன் எல்லாம் அப்படித்தான் செத்தான். வெயில் படாத பிள்ளைக்கு டி இல்லாமக் காலு வில்லா வளையும். இப்பிடி ஒவ்வொண்ணாச் சொல்லிட்டு, கடைசியில வேட்டியைக் கொஞ்சம் தூக்கி, மேடையில இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் கண்ணை மூடிக்கிட்டு நடந்து காட்டுவேன். கை தட்டுவாக பாருங்க! பாளையங்கோட்டையில சிவப்பரிசிக்குத் தட்டுப்பாடே வந்துட்டு.

இதுல பகவதியப்பன்னு ஒருத்தன். எங்க தெருதான், தையல்காரன். என் சட்டை எல்லாம் அவன் தச்சதுதான். பொண்டாட்டி செத்துப் போயிட்டா, ஒரே மக திருப்பூர்ல. பகல் முழுக்க எங்க வீட்டுலதான் பேச்சு. அவனுக்கு முன்னால வயித்துப் புண்ணுன்னு ஆபரேசன் பண்ணி, இரைப்பையில பாதியை எடுத்துட்டாக. அந்தச் சத்தை உறிஞ்ச வழி இல்லைன்னு மாசம் ஒரு ஊசி போட்டுக்கிட்டிருந்தான். அதே பி ட்வெல்வ்.

எனக்கு வந்துது பாருங்க கேள்வி. ‘ஏ பகவதி, நீரு தினமும் மீன் தின்னுத ஆளு. உமக்கும் அந்தச் சத்து இல்லைங்கான். எனக்கு மீன் தின்னாததால இல்லைங்கான். அப்ப டாக்டரு சொல்லுதது பொய்தானவே?’ அவன் யோசிச்சான். அவனுக்கும் ஊசி குத்திக் குத்தி அலுத்துப் போயிருந்துது. ‘அண்ணாச்சி சொன்னாச் சரியாத்தான் இருக்கும்’னு ஊசியை விட்டான். கஞ்சியைப் பிடிச்சான். என்ன ஒரு நம்பிக்கை என் மேல! அதான் சொல்லுதேன், மனுசன்னா அப்படி இருக்கணும்.

வருசம் ஒண்ணாச்சு. ரெண்டாச்சு. அவனுக்குக் கால் எரியுதுன்னான். ‘உள்ள இருக்க கழிவு வெளியேறுது, நல்ல அறிகுறி’ன்னேன். தையல் மெசினை மிதிச்சா, மிதிக்கோமா இல்லையான்னு தெரியலன்னான். துணி மேல கையையே வச்சுத் தச்சுட்டான் ஒரு நாள். ‘கஞ்சியில உப்பைக் குறையும்’னேன். பிரமு அடுக்களையிலேருந்து, ‘அந்த அண்ணனை ஊசி போட்டுக்கிடச் சொல்லுங்க’ன்னா. ‘உனக்கென்னட்டி தெரியும்?’னேன். இன்னொரு நாளும் சொன்னா. நாலு தடவை சொன்னேங்கா அவ. எனக்கு ரெண்டு தடவைதான் காதுல விழுந்துது.

போன ஞாயிற்றுக்கிழமை. கூடம் நிறைஞ்சு கிடக்கு. பகவதியை ரெண்டு பேரு கைத்தாங்கலாப் பிடிச்சுட்டு வந்து நாற்காலியில உக்கார வச்சாக. காலு ரெண்டும் அது பாட்டுக்கு இழுத்துக்கிட்டு வருது. எல்லாரும் என்னைப் பாக்காங்க. எனக்கு ஒரு மாதிரியாப் போச்சு. நான் மேடையிலேருந்து, ‘பகவதி, உமக்கு நம்பிக்கை பத்தாதுவே. அரை மனசாக் குடிச்சா எந்தக் கஞ்சிதான் கேக்கும்?’னேன். அவன் தலையைக் குனிஞ்சுக்கிட்டான்.

பிரமு கஞ்சி ஊத்திக்கிட்டிருந்தவ, அகப்பையைப் பானைக்குள்ளயே விட்டுட்டு நேரா அவன்கிட்ட போனா. போயி, அவன் முன்னால தரையில உக்காந்தா. ‘அண்ணே, நாளைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. இவுகளுக்குக் காலு வந்தது கஞ்சியால இல்ல. மாத்திரையால. தினமும் நான்தான் பொடிச்சுக் கலந்தேன்’ன்னா. சத்தமாக் கூடச் சொல்லல. ஆனா கடைசி வரிசை வரைக்கும் கேட்டுது.

அந்த மாத்திரை ரோஸ் நிறமாம் தம்பி. பால்ல கலந்தாத் தெரியும், நான்தான் பாலும் குடிக்க மாட்டேனே. வெள்ளைக் கஞ்சியிலயும் தெரியும். அதுக்குத்தான் சிவப்பரிசி! நான் கிழிச்சுப் போட்ட சீட்டைப் பொறுக்கி, சோத்துப் பருக்கையை வச்சு ஒட்டி, அதைக் காட்டி மருந்து வாங்கியிருக்கா. அந்தச் சீட்டை மடியிலேருந்து எடுத்து அத்தனை பேரு முன்னாடியும் அவன் கையில குடுக்கா. ரேடியோவாவது ஒண்ணாவது. எங்க வீட்டு ரேடியோ கெட்டுப் போயி எத்தனையோ வருசம் ஆச்சுன்னு அப்புறம்தான் எனக்கு உறைச்சுது.

ஒருத்தன் கஞ்சித் தம்ளரைக் கீழ வச்சான். அடுத்தவன் வச்சான். பின்னால யாரோ சிரிச்சான். நான் மேடையில நிக்குதேன், கையில ஏ, பி, சி, டி படம். நீங்க அந்த இடத்துல இருந்தா என்ன பண்ணுவீங்க? பூமி பிளந்து உள்ள போயிற மாட்டோமான்னு இருந்துது.

வீட்டுக்கு வந்து கேட்டேன். ‘கலந்ததைக் கூட விடுட்டி. அடுக்களையில சொல்லியிருக்கலாம்லா? தனியாக் கூப்பிட்டுச் சொல்லியிருக்கலாம்லா? சபையில வச்சுச் சந்தி சிரிக்க வச்சியே’ன்னேன். அவ என்ன சொன்னா தெரியுமா? ‘உங்களுக்குச் சொல்லல நான். அந்த அண்ணனுக்குச் சொன்னேன்’ங்கா. தாலி கட்டி முப்பத்தாறு வருசம் வாழ்ந்தவன் நான். என் மானம் பெரிசில்ல, தெருவுல தையல்காரன் காலு பெரிசு அவளுக்கு!

‘ஏன் கலந்தே?’ன்னேன். ‘நீங்க பாத்ரூம்ல விழுந்தன்னைக்கு என்னால தூக்க முடியல’ன்னா. அவ்வளவுதான். இது ஒரு பதிலா தம்பி? அடுத்த நாள் காலையில எட்டு மணிக்கு அதே ஏனத்துல கஞ்சி கொண்டு வந்து வச்சா. பக்கத்துல மாத்திரையை முழுசா, பொடிக்காம, ஒரு சின்னத் தட்டுல வச்சிருக்கா. எவ்வளவு நெஞ்சழுத்தம் பாருங்க. கஞ்சியைக் குடிச்சேன். மாத்திரையை முழுங்கினேன். என்ன பண்ணுதது, காலு என்னுதுல்லா? ஆனா ஒரு வார்த்தை பேசல அவகிட்ட. அன்னையிலேருந்து இன்னைக்கு வரைக்கும் பேசல. பையில துணியை வைக்கும்போது அடியில ரெண்டு அட்டை மாத்திரை கிடக்கு. எப்ப வச்சாளோ. இங்கனயும் அவ வேலைதான்.

வள்ளியூர் வந்துட்டா? முறுக்கு வேண்டாம் தம்பி, நீங்க சாப்பிடுங்க. இன்னும் கொஞ்சம்தான் இருக்கு. இதைக் கேட்டாத்தான் நான் எப்படி நொந்து போயிருக்கேன்னு உங்களுக்குப் புரியும்.

இன்னைக்குக் காலையில, பஸ்ஸுக்கு வர்றதுக்கு முன்னாடி, பகவதி வீட்டுக்குப் போனேன். அவனாவது நியாயத்தைச் சொல்லுவான்னு. அவன் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்துட்டான். ஊசி ஆரம்பிச்சிருக்காக. எவ்வளவு திரும்பும்னு இப்பச் சொல்ல முடியாது, ரெண்டு வருசம் விட்டுட்டீங்களேன்னு அதே டாக்டரம்மா சொன்னாகளாம். மெசின் மேல வேட்டியைப் போத்தி மூடியிருக்கான். கட்டில்ல சாஞ்சு கிடக்கான். பக்கத்து வீட்டுப் பொம்பளை சோறு கொண்டு வந்து வச்சிட்டுப் போயிருக்கா, மூடின தட்டு அப்படியே இருக்கு.

நான் பக்கத்துல உக்காந்து, எல்லாத்தையும் சொன்னேன். உங்ககிட்ட சொன்ன மாதிரியே, ஒண்ணு விடாம. சீட்டு ஒட்டினது, ரேடியோப் பொய், தினமும் பக்கத்துல நின்னு குடிக்க வச்சது. ‘மூணு வருசம் பகவதி! மூணு வருசம் கூட இருந்து மோசம் பண்ணியிருக்காவே!’ன்னேன். அவன் எல்லாத்தையும் கேட்டான். கேட்டுட்டு, மோட்டுவளையைப் பாத்துக்கிட்டே சொல்லுதான்:

‘எனக்கு அப்படி மோசம் பண்ண வீட்டுல ஒரு ஆளு இல்லாமப் போச்சே, அண்ணாச்சி.’

எப்படிப் பேச்சு பாத்தீங்களா? அவனும் அவ பக்கம் சேந்துட்டான். எவ்வளவு பழகினோம், எத்தனை நாள் எங்க வீட்டுச் சோறு தின்னான். எனக்கு நெஞ்சே ஆறல. பையைத் தூக்கிக்கிட்டு விறுவிறுன்னு படியிறங்கிட்டேன். ‘அண்ணாச்சி’ன்னு ஒரு தடவை கூப்பிட்டான். நான் திரும்பல. எப்படியும் பின்னாலயே வந்து கையைப் பிடிப்பான், சமாதானம் சொல்லுவான்னு தெரு முக்குல போய் நின்னேன். எப்பவும் அப்படித்தான், சண்டை போட்டா அவன்தான் பின்னால ஓடி வருவான். நிக்குதேன், நிக்குதேன், ஆளைக் காணோம். அவ்வளவு திமிரான்னு நினைச்சேன். பத்து நிமிசம் அங்கனயே நின்னேன் தம்பி. அவனால எந்திரிச்சு வர முடியாதுங்கிற ஓர்மையே எனக்கு வரல.